ஸ்டாம்ஃபோர்டு கல்வீட்டுச் சுவரில் ஈரம்: சிமென்ட் வேண்டாம்

வணக்கம். இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டில் நீங்கள் வாங்கிய 18ஆம் நூற்றாண்டுக் கல்வீட்டின் உட்சுவர் ஈரம் காப்பதாகவும், கல் இடுக்குகளைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிடலாம் என்று கொத்தனார் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்கு உடன்படாதீர்கள்.

அவ்வூர் வீடுகள் பெரும்பாலும் லிங்கன்ஷயர் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. இக்கல் மழைநீரை உறிஞ்சி, பின்னர் மெல்ல ஆவியாக வெளியேற்றும். கல்லை விட மென்மையான பழைய சுண்ணாம்புக் காரை அதற்கு வழிவிடும். சிமென்ட் அவ்வழியை அடைத்துவிடுவதால், ஈரம் கல்லின் வழியாகவே வெளியேற முயன்று, உப்புப் படிந்தும் குளிர்காலத்தில் உறைந்தும் கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். எனவே நீரியல் சுண்ணாம்புக் (நீருடன் வினைபுரிந்து இறுகும் சுண்ணாம்பு) காரையோ நீற்றிய சுண்ணாம்புக் காரையோ பயன்படுத்தத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

அதற்கு முன் மழைநீர்க் குழாய்களையும் கூரையையும் பாருங்கள். கூரை ‘காலிவெஸ்டன் சிலேட்டு’ எனப்படும் கல்லோடாக இருந்தால், அது உண்மையில் சிலேட்டு அன்று, உறைபனியில் வைத்து மெல்லிய ஓடுகளாகப் பிளக்கப்படும் சுண்ணாம்புக்கல்லே. மாற்று ஓடு எளிதில் கிடைக்காது என்பதால் பழைய ஓடுகளை எறிந்துவிட வேண்டாம். உங்கள் வீட்டின் நேர்த்தியான கல்முகப்புக்குப் பின்னால் இடைக்கால மரச்சட்டகம் ஒளிந்திருக்கவும் கூடும். அங்கு அது அரிதன்று.

ஸ்டாம்ஃபோர்டு நகர மையம் 1967இலேயே பழங்கட்டடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றவியல் குற்றமாகும். ஆகவே, உள்ளூர் மன்றத்தின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் முதலில் பேசிவிடுங்கள்.