வீட்டுமுன் விளிம்பில் செடி வைக்க: கவுன்சிலையும் பக்கத்து வீட்டாரையும் சம்மதிக்க வைப்பது

வணக்கம். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே உள்ள விளிம்பில் (verge) புல்தரையை எடுத்துவிட்டு முருங்கையும் செடிகளும் வைக்கப் பார்க்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலில் (உள்ளூராட்சியில்) சொல்லிவிடுவேன் என்கிறார், இல்லையா? அவர் சொல்வதற்கு முன் நீங்களே கவுன்சிலுக்குப் போய்விடுங்கள்.

அந்த இடத்தைப் பராமரிப்பது நாம், அதிகாரம் கவுன்சிலுக்கு. குயின்ஸ்லாந்தின் புடெரிமில் சில தெருக்காரர்கள் சேர்ந்து இப்படி விளிம்பில் பழமரம் வளர்த்தார்கள். அனுமதி இல்லை என்று 2017இல் சில மரங்களைக் கவுன்சில் வெட்டிப்போட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் உங்கள் கவுன்சிலின் விளிம்பு விதிகளை முதலில் படியுங்கள். செடியின் உயரம், ஓட்டுநர் பார்வை மறையாதது, நடக்க வழி, இவைதான் பெரும்பாலும் கேட்பார்கள். பெர்த்தின் வின்சென்ட் போன்ற கவுன்சில்கள் இதற்கு உதவியே செய்கின்றன. உங்கள் பகுதியிலும் விசாரியுங்கள். தோண்டும் முன் 'பிஃபோர் யூ டிக்' சேவையில் நிலத்தடிக் குழாய், கேபிள் வரைபடம் இலவசமாக வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அந்த அண்டை வீட்டுக்காரர். அவருடைய கவலை அழகு பற்றியதாக இருக்காது. குப்பைத்தொட்டி எங்கே வைப்பது, விருந்தாளி காரிலிருந்து எங்கே இறங்குவது என்பதாகத்தான் இருக்கும். ஒரு தாளில் வரைந்து எடுத்துப்போய், தொட்டிக்கும் கார் கதவுக்கும் விட்ட இடத்தைக் காட்டுங்கள். முருங்கையை வேலிக்குள்ளேயே வையுங்கள். வெளியே கங்காரு பாதம் (kangaroo paw என்ற பூச்செடி) போன்ற உள்ளூர்ச் செடிகள் போதும். பெர்த் மணலில் வேர் பிடித்தபின் அதிகத் தண்ணீர் கேட்காது. மழை தொடங்கும் மே, ஜூனில் நடுங்கள்.