‘சாங்ஷன்’ என்றால் அனுமதி மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

சென்ற சனிக்கிழமை தாங்கள் குடியாத்தத்திலிருந்து மகனை அழைத்து வந்தபோது, அவருடைய சொற்பொருள் நோட்டைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லாமல் போனதால் இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்காகத் தம்பி தினமும் ஐம்பது ஆங்கிலச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ப் பொருளைக் குறித்து வருகிறார். உழைப்பில் குறையில்லை, முறையில்தான் இருக்கிறது.

அதில் ‘சாங்ஷன் – அனுமதி’ என்று எழுதியிருக்கிறார். பேங்கில் லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வதால் பழகிய பொருள் அது, தவறும் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் மீது சாங்ஷன் விதித்தார்கள் என்று செய்தித்தாளில் வந்தால், அது தண்டிப்பதற்கான தடை. அப்படியொரு வாக்கியத்தைப் படிக்கச் சொன்னேன். அந்த நாட்டுக்குக் கடன் கொடுத்துவிட்டார்கள் என்றார் தம்பி.

இந்தத் தேர்வில் எதிர்ச்சொல், சொல்லொப்புமை வினாக்கள் தனித்தனியே வந்த காலத்தில் பட்டியல் மனப்பாடம் ஓரளவு கைகொடுத்தது. 2011-இல் அவற்றை நீக்கிவிட்டார்கள். இப்போது மொழிப் பகுதியின் 27 வினாக்களும் வாக்கியத்தையோ பத்தியையோ வைத்தே கேட்கப்படுகின்றன. நேரம் 41 நிமிடம்.

மியூட்டினி, ரிவோல்ட், அப்ரைசிங் ஆகிய மூன்றுக்கும் ‘கலகம்’ என்றே எழுதியிருப்பதுதான் எனக்கு அதிக வருத்தம், அதுவும் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளை! புதிய தலைப்பாகையை அணியவும், நெற்றிக்குறியை அழிக்கவும், தாடியை மழிக்கவும் பிறந்த உத்தரவுகளால் கொதித்த சிப்பாய்கள் 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டையில் எழுந்ததை ஆங்கிலேயர் மியூட்டினி என்றார்கள். படைவீரரோ மாலுமியோ மேலதிகாரியை எதிர்ப்பதற்குரிய சொல் அது. ஊர்மக்கள் திரண்டெழுந்தால் அப்ரைசிங் என்பதே பொருந்தும். நாம் அதே நிகழ்ச்சியைப் புரட்சி என்கிறோம். யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதும் பொருளில் சேர்ந்ததுதான்.

ஆகவே நாளொன்றுக்குப் பத்துச் சொல் போதும். ஒவ்வொன்றின் கீழும் அது வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதட்டும். மறுநாளும், மூன்றாம் நாளும், அடுத்த ஞாயிறும் பொருளைக் கையால் மறைத்துவிட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். தமக்கு ஆங்கிலம் தெரியாதே என்று தாங்கள் வருந்தினீர்கள். இதற்கு அது தேவையில்லை. இரவு உணவுக்குப் பின் இரண்டு வாக்கியங்களைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். தங்களுக்கு விளங்காத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த மாதம் வரும்போது அந்தப் புள்ளிகளிலிருந்து தொடங்குவோம்.