மியூசியத்துல ஓவியம் பாக்கறது பத்தி கேட்டீங்க, சொல்றேன்

ஓவியம் பாக்க மியூசியம் போறது பத்தி எது வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டுட்டீங்க. ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டு பதில் சொல்றேன்.

அக்கா, பெரிய மியூசியம் போனா கொஞ்ச நேரத்துலயே கால் வலி, தலை சுத்தல். எல்லாத்தையும் பாத்து முடிக்க என்ன வழி?

முடிக்கணும்ங்கற நினைப்பையே விட்டுடுங்க. இந்த அலுப்பு எல்லாருக்கும் உண்டு, 1916-லயே பாஸ்டன் மியூசியத்துல வேலை பார்த்த பெஞ்சமின் கில்மன் 'மியூசியம் களைப்பு'ன்னே ஒரு கட்டுரை எழுதி, மனுஷன் எப்படியெல்லாம் குனிஞ்சு வளைஞ்சு பாக்க வேண்டியிருக்குன்னு போட்டோ எடுத்தே காட்டியிருக்கார். நான் ஒரு ரூமுக்குள்ள போனதும் லேபிள் பக்கமே போகமாட்டேன், நடுவுல நின்னு சுத்தி ஒரு பார்வை பாப்பேன், எது இழுக்குதோ அதுகிட்ட மட்டும் போவேன். மூணு நாலு ஓவியம் நல்லா பாத்தா அன்னிக்கு அது போதும். பெஞ்ச் இருந்தா வெக்கப்படாம உக்காருங்க.

ஒரு ஓவியத்து முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கணும்? ரெண்டு நிமிஷத்துக்கு மேல என்ன பாக்கறதுன்னே தெரியலையே.

ரெண்டு நிமிஷமே பெரிய விஷயம்ங்க. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ஆளுங்களை கவனிச்சு 2001-ல வெளியான ஆய்வுல, ஒரு ஓவியத்துக்கு சராசரியா 27 செகண்டுதான் குடுத்திருக்காங்க.

என்ன பாக்கறதுன்னு கேட்டீங்க இல்ல, எனக்கு ரொம்ப பிடிச்சதை வெச்சே சொல்றேன். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல வெர்மீர் வரைஞ்ச ஒரு ஓவியம், வேலைக்காரப் பெண் ஒருத்தி பானையில பால் ஊத்திட்டு இருப்பா, அரை மீட்டர் உயரம் கூட இல்லாத சின்ன படம். முதல்ல மஞ்சள் சட்டையும் நீல ஏப்ரனும் நூல் மாதிரி விழற பாலும்தான் கண்ணுல படும், பெரும்பாலானவங்க அதோட நகர்ந்துடுவாங்க. நீங்க நகராம பின்னாடி இருக்கற சுவரைப் பாருங்க. வெள்ளைச் சுவர்னு நினைச்சது வெள்ளையே இல்ல, சாம்பல், மஞ்சள்னு இடத்துக்கு இடம் மாறுது. மேல ஒரு ஆணி, அதுக்கு ஒரு நிழல், பக்கத்துல ஆணி புடுங்கின ஓட்டை. 2022-ல மியூசியம்காரங்க ஸ்கேன் பண்ணி சொன்னதுல, அவ தலைக்குப் பின்னாடி ஜாடி மாட்டற பலகை ஒண்ணு முதல்ல வரைய ஆரம்பிச்சு அப்புறம் அவரே மூடிட்டாருன்னு தெரிஞ்சது. ஜாடி வரிசையையே தூக்கினவர் அந்த ஒரு ஆணியை மட்டும் ஏன் விட்டு வெச்சாருன்னு நான் ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன். வெறும் சுவர் இல்ல, யாரோ எதையோ மாட்டி எடுத்து புழங்கின சுவர்னு காட்டத்தான்னு எனக்குத் தோணுது. அந்தப் பொண்ணு நம்மளை ஏறெடுத்தும் பாக்கமாட்டா, யாரும் மதிக்காத ஒரு வேலையை அவ்வளவு கவனமா செய்றா, வரைஞ்சவரும் அதே கவனத்தை அவளுக்குத் திருப்பிக் குடுத்திருக்கார், அதனாலதான் எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

பாரிஸ்ல லூவர் மியூசியம் போய் மோனாலிசா பாத்தேன், ஒண்ணுமே தோணல. எனக்கு ரசனை இல்லையா?

அப்படியெல்லாம் இல்லவே இல்ல. 77 க்கு 53 செ.மீ படம், குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னாடி, முன்னாடி தூக்கின ஃபோன்களா நிக்குது, இதுல என்ன தோணும்? அடுத்த தடவை அங்கயே திரும்பி எதிர் சுவரைப் பாருங்க. வெரோனீஸ் 1563-ல முடிச்ச, பைபிள்ல வர்ற கானா ஊர் கல்யாண விருந்து, கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவர்லயே பெரிய ஓவியம் அதுதான். வலது ஓரத்துல ஜாடியைப் பிராண்டுற பூனை வரைக்கும் நிதானமா பாக்கலாம்.

வான்கோவோட காக்கா பறக்கற கோதுமை வயல் முன்னாடி, அதுதான் அவர் கடைசி ஓவியம்னு நினைச்சு அழுதுட்டேன். அப்புறம் கடைசி இல்லன்னு சொன்னாங்க. அப்போ நான் அழுதது பொய்யா?

அழுகை நிஜம்தான், தகவல்தான் தப்பு. அவர் கடைசியா வரைஞ்சுட்டு இருந்தது மரத்து வேர்கள் படம்னுதான் இப்போ வான்கோ மியூசியமே சொல்லுது. 1890 ஜூலைல தம்பிக்கு எழுதின கடிதத்துல, கலங்கின வானத்துக்குக் கீழ விரியற கோதுமை வயல்களை வரைஞ்சிருக்கேன், சோகத்தையும் கடுமையான தனிமையையும் காட்டப் பாத்தேன்னு சொல்றார், ஆனா அதே கடிதத்துல கிராமப்புறம் உடம்புக்கும் மனசுக்கும் தெம்பு தருதுங்கறதையும் இந்தப் படங்கள் சொல்லும்னு எழுதியிருக்கார். நீங்க சோகத்தை சரியா பிடிச்சுட்டீங்க, தெம்பு மட்டும் விட்டுப்போச்சு. எங்கயாவது திரும்பப் பாத்தா அந்த மஞ்சளையும் பச்சைப் பாதையையும் பாருங்க. உங்களுக்குத் தோணினதை முதல்ல முழுசா தோண விடுங்க, அப்புறம் லேபிள் படிங்க, படிச்சுட்டு மறுபடி நிமிர்ந்து படத்தைப் பாருங்க. இந்த மூணாவதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு அதுல நிஜமாவே வருத்தம் உண்டு.

போட்டோ எடுக்கலாமா?

இடத்தைப் பொறுத்தது, மாட்ரிட் பிராடோ மியூசியத்துக்குள்ள எடுக்கவே கூடாது. எடுக்க விட்டாலும் முதல்ல கண்ணால பாத்து முடிச்சுடுங்க. லிண்டா ஹென்கெல்னு ஒரு உளவியல் பேராசிரியர் பண்ணின ஆய்வுல, முழுப் பொருளையும் போட்டோ எடுத்தவங்களுக்கு சும்மா பாத்தவங்களை விட ஞாபகம் குறைவா இருந்துச்சு, ஆனா ஒரு பகுதியை மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவங்களுக்கு அந்தக் குறை வரல. அதனால பிடிச்ச மூலையை மட்டும் எடுங்க.

வெறும் கலர் பூசின பெரிய படங்கள் முன்னாடி என்ன உணரணும் அக்கா?

உணர்ந்தே ஆகணும்னு எதுவும் கிடையாது. அந்த மாதிரி படங்கள் வரைஞ்ச மார்க் ரோத்கோ தன் படங்களை 18 இன்ச் தூரத்துல நின்னு பாக்கச் சொன்னார், காவலர் விடற அளவுக்கு கிட்டப் போய் ஓரங்களைப் பாருங்க. அப்பவும் ஒண்ணும் வரலைன்னா அடுத்த ரூமுக்குப் போயிடுங்க.

நேர்ல போக வசதியில்ல. ஸ்கிரீன்ல பாக்கறது கணக்குல சேருமா?

தாராளமா சேரும், பெரிய மியூசியங்கள் வெப்சைட்ல ஏத்தியிருக்கற படங்களை ஜூம் பண்ணினா நேர்ல காவலர் விடாத அளவுக்கு கிட்டப் போகலாம். பெயிண்ட்டோட தடிமன்தான் கிடைக்காது, ரெம்பிராண்டோட யூத மணப்பெண் படத்துல அந்த மஞ்சள் சட்டைக்கையில பெயிண்ட் மேடு மேடா நிக்கும், அது ஸ்கிரீன்ல தட்டையாயிடும். அளவும் தெரியாது, அதுக்கு ஒரு வழி இருக்கு: படத்துக்குப் பக்கத்துல செ.மீ போட்டிருப்பாங்க, அதைப் பாத்து சுவத்துல டேப் ஒட்டி அந்த அளவுக்கு ஒரு கட்டம் போட்டுட்டு, அதுக்கப்புறம் ஸ்கிரீனைப் பாருங்க.