எட்டு சமம் எட்டு

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். பிரதியிடல் முறையில் கணக்குப் போட்டால் அடிக்கடி 8 = 8 என்று வந்து நின்றுவிடுகிறது. எங்கே தப்பு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. "நீக்கல் முறையில் சட்டென்று விடை வருதே, அப்புறம் இது எதுக்கு?" என்றும் கேட்கிறாள். கணக்கு இதுதான்:

2எக்ஸ் + ஒய் = 8
3எக்ஸ் − 2ஒய் = 5

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

8 = 8 என்பது பொய்யான வரி அல்ல. உங்கள் மகள் முதல் சமன்பாட்டிலிருந்து ஒய் = 8 − 2எக்ஸ் என்று சரியாகவே எடுத்திருப்பாள். அதை மறுபடியும் முதல் சமன்பாட்டிலேயே போட்டிருப்பாள். 2எக்ஸ் + 8 − 2எக்ஸ் = 8 என்றாகி எக்ஸ் காணாமல் போய்விடும். அந்தச் சமன்பாடு தனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடித்துவிட்டது; அதையே திரும்பக் கேட்டால் புதிதாக என்ன சொல்லும்? இன்னும் வாய் திறக்காதது இரண்டாவது. அதில் போடச் சொல்லுங்கள்:

3எக்ஸ் − 2(8 − 2எக்ஸ்) = 5
3எக்ஸ் − 16 + 4எக்ஸ் = 5
7எக்ஸ் = 21

எக்ஸ் 3, ஒய் 2.

(இரண்டாவதில் போட்ட பிறகும் 8 = 8 போல வந்தால், வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடு; தீர்வுகளுக்கு முடிவே இல்லை. 0 = 5 போல வந்தால் இணைகோடுகள்; தீர்வே கிடையாது.)

அடைப்புக்குறியைக் கவனிக்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் அங்கே + 4எக்ஸ் என்பதை − 4எக்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எக்ஸ் −21, ஒய் 50 என்று வரும். இதை முதல் சமன்பாட்டில் சரிபார்த்தால் −42 + 50 = 8, பொருந்திவிடும்! ஒய்யை அங்கிருந்துதானே எடுத்தோம், எந்த எக்ஸைப் போட்டாலும் பொருந்தத்தான் செய்யும். இரண்டாவதில் போட்டால்தான் 5 வர வேண்டிய இடத்தில் −163 வந்து தப்பைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒய்யைத் தனியாக எடுக்கும்போதே தப்பு நடந்திருந்தால், அதை முதலாவதுதான் காட்டும்; அதனால் இரண்டிலும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எதற்கு இந்த முறை? சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியைப் போக்கும் நீக்கல் முறை வெல்லும் இடங்கள் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூடர் காலத்தில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர் 'கணித சார சங்கிரகம்' நூலில் ஓர் அருமையான கணக்கு வைத்திருக்கிறார். 9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நார்த்தம்பழமும் 9 விளாம்பழமும் சேர்ந்து 101. தனித்தனி விலை என்ன? இதில் பிரதியிடப் போனால் ஒன்பதால் வகுத்துப் பின்னத்தில் மாட்டிக்கொள்வோம். இரண்டையும் கூட்டுங்கள்: ஒவ்வொன்றிலும் பதினாறு, 208. ஆக, ஒரு ஜோடியின் விலை 13. கழித்தால் இரண்டிரண்டு பழங்களுக்கு வித்தியாசம் 6; ஆக, ஒன்றுக்கு 3. நார்த்தம்பழம் 8, விளாம்பழம் 5.

உங்கள் மகளின் முதல் சமன்பாட்டில் ஒய் முன்னால் எண் (கெழு) இல்லாமல் தனியாக நிற்கிறது. அதனால் அங்கே பிரதியிடுவது சுலபம். ஆனால் இந்த முறையின் உண்மையான பலம் நேர்கோட்டைத் தாண்டியும் வேலை செய்வதுதான். இரண்டு எண்களின் கூடுதல் 7, அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 25. இங்கே ஒரு சமன்பாட்டை எந்த எண்ணால் பெருக்கிக் கழித்தாலும் ஒரு மாறி நீங்காது. ஓர் எண்ணை எக்ஸ் என்றும் மற்றதை 7 − எக்ஸ் என்றும் வைத்து வர்க்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள். காரணிப்படுத்தத் தெரிந்தால் போதும், 3, 4 என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள்.