மியூசிக் கம்ப்யூட்டரில் சிஸ்டம்32 ஃபைல்களை மாற்றலாமா?

பழைய பிளக்இன் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் ஓடும் துணை புரோகிராம்) ஒன்று "டிஎல்எல் இல்லை" என்று, அதாவது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு துணை ஃபைல் இல்லை என்று அடம்பிடிக்கிறது, விண்டோஸ் தன் முக்கிய ஃபைல்களை வைத்திருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரின் உரிமையை நம் பெயருக்கு மாற்றி அந்த ஃபைலை உள்ளே போடச் சொல்லி ஒரு வீடியோ பார்த்தேன், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். நான் செய்தவன்.

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். ஆடி மாசக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால்தான் வேலை குவியும். அப்படி ஒரு ஆனியில், அம்பாசமுத்திரம் பக்கத்து வில்லுப்பாட்டு செட் ஒன்று வேன் பிடித்து வருவதாக இருந்தது. உடுக்கைக்கும் குடத்துக்கும் எக்கோ கொடுக்க ஒரு பழைய 32 பிட் (இப்போதைய 64 பிட்டுக்கு முந்தைய தலைமுறை) பிளக்இன் எனக்குப் பிடிக்கும். முந்தின நாள் ராத்திரி அதைத் திறந்தால் எம்எஸ்விசிபி140 டிஎல்எல் இல்லை என்று செய்தி.

நீங்கள் பார்த்த மாதிரியே ஒரு வீடியோ. ஏதோ ஒரு தளத்தில் அந்த டிஎல்எல்லை இறக்கினேன், ஃபோல்டரின் உரிமையை டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கிடமிருந்து என் பெயருக்கு மாற்றினேன், காப்பி செய்தேன். "இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றவா?" என்று விண்டோஸ் கேட்டது. இல்லை என்று சொன்ன ஃபைல் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். தூக்கக் கலக்கம், சரி என்று அமுக்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் இருப்பது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். பெயர் வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு! என் பிளக்இன் தேடியது 32 பிட் டிஎல்எல். நான் அதைக் கொண்டுபோய் 64 பிட் ஃபைலின் தலையில் போட்டு அழித்துவிட்டேன். பிளக்இன் ஓடவில்லை என்பது ஒரு பக்கம், காலையில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரே 0xc000007b என்ற பிழையோடு நின்றுவிட்டது. 64 பிட் புரோகிராமுக்குள் 32 பிட் டிஎல்எல் வந்து விழுந்தால் வருகிற பிழை அது.

செட் வந்து உட்கார்ந்துவிட்டது. வில்லைக் கட்டி மணியெல்லாம் தொங்கவிட்டாயிற்று. செட்டின் தலைவர் அண்ணாச்சி கேட்டார்: "ஏம்டே, எங்க வில்லு ரெடி, ஒம் பெட்டி இன்னும் எந்திக்கலையா?"

சிஸ்டம் ஃபைல்களைச் சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை என்றது. அது விண்டோஸின் சொந்த ஃபைல்களைத்தான் சரிபார்க்கும். நான் கெடுத்தது விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தனி இன்ஸ்டாலரோடு வருவது. அதை நீக்கிவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் இறக்கிப் போட்ட பிறகுதான் பெட்டி எழுந்தது. உங்களுக்கும் அந்த எக்ஸ்86 இன்ஸ்டாலர் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

ஃபோல்டர் உரிமை வேறு கதை. ஆயிரக்கணக்கான ஃபைல்களுக்கு யார் யாருக்கு என்ன அனுமதி என்பது ஒவ்வொரு விதமாக இருக்கும்; பழையபடி ஆக்க ஒரே பட்டன் கிடையாது. அந்தப் பூட்டு திறந்து கிடந்தால் நாம் தெரியாமல் ஓட்டுகிற வைரஸும் நம் பெயரிலேயே உள்ளே எழுதும். கொடை சீசன் முடிந்ததும் விண்டோஸையே புதிதாகப் போட்டேன்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015-இல் வந்த எல் கேப்பிட்டன் என்ற மேக் பதிப்பிலிருந்து சிஸ்டம் ஃபைல்களுக்கு எஸ்ஐபி என்ற பூட்டு உண்டு. 2020-இன் பிக் சர் முதல் சிஸ்டம் பகுதி முழுவதற்கும் முத்திரையே இருக்கிறது. பிளக்இன்கள் அங்கே போவதே இல்லை, லைப்ரரிக்குள் ஆடியோ என்ற ஃபோல்டருக்குத்தான் போகும். எஸ்ஐபியை அணைக்கச் சொல்கிற பிளக்இன் பெரும்பாலும் கிராக் செய்த திருட்டு காப்பியாக இருக்கும்.

சத்தம் வெட்டுகிறது, படபடக்கிறது என்பதற்காகச் சிலர் சிஸ்டம் ஃபைலில் கை வைக்கிறார்கள். 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) 128 சாம்பிள் பஃபர், அதாவது ஒரு தடவையில் கையாளும் சத்தத் துண்டு, என்றால் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது சுமார் 2.7 மில்லி செகண்ட். அதற்குள் முடியாவிட்டால்தான் வெட்டும். 256 ஆக்குங்கள், வைஃபையை அணையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் லேட்டன்ஸிமான் என்ற சோதனை புரோகிராமைப் போட்டு எந்த டிரைவர் (கருவியை இயக்கும் சாஃப்ட்வேர்) இழுக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், அந்த எக்கோ. சாயங்காலம் மிக்ஸ் போட்டுக் காட்டினேன். குடத்தில், அதைத் தட்டுகிற பத்தி விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி சொன்னது: "இந்த எதிரொலியெல்லாம் எதுக்குடே, எடுத்துரு."