எந்தத் திருப்பத்தூர்?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊரில் வைத்திருந்தார்கள். பத்திரிகையில் மண்டபத்தின் பெயருக்குக் கீழே 'திருப்பத்தூர்' என்று மட்டும் இருந்தது. ஓசூரிலிருந்து பக்கம்தானே என்று விடியற்காலையில் கிளம்பி, ஏலகிரிப் பக்கமுள்ள திருப்பத்தூரில் இறங்கி மண்டபத்தைத் தேடினோம். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் நண்பருக்கு ஃபோன் செய்தால், கல்யாணம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில்! முகூர்த்தம் போச்சு. ஒரே பெயரில் இரண்டு ஊர் எதற்கு? அரசாங்கம் ஒன்றை மாற்றினால் என்ன?

இன்னொன்று. பேரனுக்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள். அவன் வகுப்பில் அதே பெயரில் இன்னும் இரண்டு பையன்கள். வேறு பெயர் வைத்துவிடலாமா என்கிறாள் மருமகள். என்ன சொல்வது?

கா., ஓசூர்

அன்புள்ள கா. அவர்களுக்கு,

முகூர்த்த நேரத்தில் தெரியாத ஊரில், கையில் பத்திரிகையோடு குடும்பமாக நின்றிருப்பீர்கள். படிக்கும்போதே மனசு கஷ்டப்பட்டது. இரண்டு என்றீர்கள். பிரம்மா சன்னதிக்குப் பெயர்போன திருப்பட்டூர் ஒன்று திருச்சிப் பக்கம் இருக்கிறது. ஃபோனில் சொன்னால் அதுவும் திருப்பத்தூராகவே காதில் விழும்.

ஆனால் பெயரை மாற்றக் கூடாது என்பதே என் எண்ணம். எதை மாற்றுவீர்கள்? சிவகங்கைப் பக்கத்து ஊர் தேவாரத்தில் திருப்புத்தூர் என்று பாடப்பட்டது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது அங்கேதான். மற்றது, 2019-இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது தன் பெயரிலேயே ஒரு மாவட்டத்தைப் பெற்ற ஊர். இரண்டு ஊர்க்காரர்களில் யாரிடம் போய் உங்கள் பெயரை விட்டுக்கொடுங்கள் என்று கேட்பது?

நம் முன்னோர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. அவர்கள் பெயரை மாற்றவில்லை, ஒரு சொல்லை முன்னால் சேர்த்தார்கள். காவிரிக் கரையில் குரங்காடுதுறை இரண்டு. வடகரையில் வாலி வழிபட்டான், தென்கரையில் சுக்ரீவன் வழிபட்டான் என்பது தலபுராணம். சண்டை போட்ட அண்ணனும் தம்பியும் ஆற்றுக்கு இப்புறமும் அப்புறமும்! அதனால் ஒன்று வடகுரங்காடுதுறை, மற்றது தென்குரங்காடுதுறை. திருக்காட்டுப்பள்ளியிலும் கீழை, மேலை என்று இரண்டு உண்டு. முல்லைவாயிலில் சென்னைப் பக்கம் இருப்பது வடதிருமுல்லைவாயில், சீர்காழிப் பக்கம் இருப்பது தென்திருமுல்லைவாயில்.

எனக்கு ரொம்பப் பிடித்தது திருவிடைமருதூர். 'இடை' என்றால் நடு. மருதமரம் தலமரமாக உள்ள மூன்று கோயில்களில் நடுவில் இருப்பது அது. வடக்கே ஸ்ரீசைலம் தலைமருது, மல்லிகார்ஜுனம் என்பார்கள். தெற்கே தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர், அதைக் கடைமருது என்பார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெயரைச் சொன்னாலே, ஆந்திரத்தில் ஒரு கோயிலும் நெல்லைச் சீமையில் ஒரு கோயிலும் இருப்பது தெரிந்துவிடும். சின்ன வயதில் அது வெறும் ரயில் நிலையத்தின் பெயர் எனக்கு. அர்த்தம் தெரிந்த அன்று ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் போகவில்லை.

சேர்த்த சொல்லை நாம் விட்டுவிட்டதால்தான் பாதிக் குழப்பம். தென்குரங்காடுதுறை இன்று வெறும் ஆடுதுறை. குரு கோயில் இருக்கும் ஆலங்குடியைப் பாருங்கள். தேவாரத்தில் அதன் பெயர் திருஇரும்பூளை. அந்தப் பெயர் வழக்கில் இருந்தவரை எந்த ஊரோடும் மோதவில்லை. இப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஆலங்குடி, திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஆலங்குடி. குருப்பெயர்ச்சிக்குப் போகிறவர்கள் எந்தப் பேருந்தில் ஏறுகிறோம் என்று கேட்டு ஏற வேண்டியிருக்கிறது.

தபால் துறையும் இதே வழியைத்தான் எண்ணில் செய்தது. ஊர்ப் பெயர்க் குழப்பம் தீரத்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் ஆறு இலக்க பின்கோடைக் கொண்டுவந்தார்கள். ஏலகிரிப் பக்கத்துத் திருப்பத்தூர் 635601, சிவகங்கைப் பக்கத்தது 630211. பத்திரிகை அடித்தவர்கள் இந்த ஆறு எண்ணையோ, மாவட்டத்தின் பெயரையோ சேர்த்திருந்தால் நீங்கள் அட்சதை போட்டிருப்பீர்கள்.

சரி, பேரன் விஷயம். மருது சகோதரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனும் மருது, தம்பியும் மருது. ஊர் பெரிய மருது, சின்ன மருது என்றது, இன்றுவரை யாரும் குழம்பவில்லை. சங்கப் புலவர்களில் சாத்தனார் என்று எத்தனை பேர்! கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார் என்று ஊரையும் தொழிலையும் சேர்த்து ஆளைப் பிரித்துக் காட்டினார்கள். அப்படி எதுவும் சேராமல் நின்ற பெயர் ஔவையார். அதனால்தான் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையையும், பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடி பாடிய ஔவையையும் நம் பிள்ளைகள் ஒரே பாட்டியாக நினைக்கிறார்கள்.

பேரன் என்ற சொல்லே 'பெயரன்'தான், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். எங்கள் வீட்டில் தாத்தா பெயர் எனக்கும் உண்டு, பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் உண்டு. மருமகள்கள் மூவரும் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் 'ஐயா', பெரியப்பா மகன் 'அப்பு', சித்தப்பா மகன் 'ராசு'. உண்மைப் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. தாத்தா இறந்த பிறகு ஒருநாள் அம்மா என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன், அம்மா அழுதுகொண்டிருந்தார்.

பேரனுக்கு அந்தப் பெயரே இருக்கட்டும். வகுப்பில் மூன்று பேரையும் இனிஷியல் பிரித்துக் காட்டும், அந்த இனிஷியல் உங்கள் மகனுடைய பெயர். வீட்டில் கூப்பிட ஒரு செல்லப் பெயரை மருமகளையே வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மொய் இன்னும் உங்கள் கையிலேயே இருக்கும். நேரில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். மதுரை மாட்டுத்தாவணியில் காரைக்குடி பேருந்தில் ஏறினால், மேலூர் தாண்டி வரும் திருப்பத்தூர்தான் உங்கள் திருப்பத்தூர். பேரனையும் கூட்டிப்போய் மருது சகோதரர்கள் நினைவிடத்தைக் காட்டுங்கள்.