கிற்றாரில் ரியூனிங்கை, அதாவது தந்திகளின் சுருதி அமைப்பை, மாற்றினால் புதுச் சத்தம் வருமா? தந்தி அறுந்துவிடாதா?

வரும். தந்தியை இறக்கினால் அறாது, ஏற்றினால்தான் பயம். ஒரு தந்தியை இரண்டு பிரெட் (கிற்றார் கழுத்தின் கட்டை, ஒன்றுக்கு அரைச்சுரம்) அளவு ஏற்றினால் இழுவிசை கால்பங்குக்கு மேல் கூடிவிடும், அதே அளவு இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நான் இருப்பது முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம். தந்தி ஒன்று அறுந்தால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறவேண்டும், அதனால் இறக்குகிற ரியூனிங் மட்டும்தான் எனக்குச் சரி. ஓப்பன் ஈ (எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஈ கோட் வரும் ரியூனிங்) வேண்டுமென்றாலும் ஓப்பன் டி வைத்து இரண்டாம் பிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டுவிடுவேன்.

முதலில் டாட்காட் பழகுங்கள். 1960களின் தொடக்கத்தில் டேவி கிரகாம் என்ற பிரித்தானியக் கலைஞர் பரப்பியது. தடித்தது ஆறாவது தந்தி, மெல்லியது முதலாவது. ஆறாவது, இரண்டாவது, முதலாவது தந்திகளை மட்டும் இரண்டிரண்டு பிரெட் இறக்கினால் டி ஏ டி ஜி ஏ டி வந்துவிடும். போனில் ரியூனர் இல்லாவிட்டாலும் ஆறையும் ஒன்றையும் நாலாவது தந்தியோடு ஒப்பிடலாம், இரண்டை ஐந்தாவதோடு. சுரம் ஒன்றுதான், ஸ்தாயி வேறு. ஒரு விஷயம், தந்தியைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிட்டுப் பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வாசிக்க வாசிக்க நழுவும்.

இனித்தான் ருசியான பகுதி. டி-யை ஸட்ஜமாக எடுத்தால் தந்திகள் ஸ ப ஸ ம ப ஸ. கர்நாடக இசைக்காரர் வயலினை ஸ ப ஸ ப என்று சுருதி சேர்ப்பார்களே, அதற்குப் பக்கத்து வீடு. தடித்த தந்திகளைச் சும்மா மீட்டிக்கொண்டு முதல் தந்தியில் மட்டும் ஒரு விரலால் மேலும் கீழும் போய்ப் பாருங்கள், சுருதிப்பெட்டியோடு பாடுவதுபோல் இருக்கும். ஆனால் மூன்றாவது தந்தி மத்திமம், அதை எல்லா ராகமும் தாங்காது. மோகனத்தில் மத்திமமே இல்லை. அதற்கு அந்தத் தந்தியை இன்னும் ஒரு பிரெட் இறக்கினால் காந்தாரம் ஆகிவிடும், ஓப்பன் டி என்பது அதுதான், கல்யாணிக்கும் பொருந்தும். ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லை, அங்கே ஏ தந்திகள் இரண்டும் குழப்பும். அதற்கு ஆறாவதிலிருந்து மூன்றாவது வரை டி ஜி டி ஜி, இரண்டாவது தந்தி வழக்கமான பி-யிலிருந்து ஒரு பிரெட் கீழே, முதலாவது டி. திறந்த தந்தி ஆறும் ஹிந்தோளச் சுரங்கள்தான், எதைத் தட்டினாலும் பிழைக்காது. இணையத்தில் கிடைக்கும் நூறு ரியூனிங் பட்டியலைவிட இப்படி ஒரு ராகத்தை வைத்து தந்திகளை நீங்களே தீர்மானிப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

விரலில் பலம் குறைந்தவர்களுக்கும் இது நல்லது. கனேடியப் பாடகி ஜோனி மிட்செலுக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானது, அவர் இத்தனை ரியூனிங்குகளைத் தேடிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொல்லையும் உண்டு. பத்தாம் நம்பர் மெல்லிய செட் என்றால் ஆறாவது தந்தி தொளதொளத்துப் பிரெட்டில் அடிக்கும், பன்னிரண்டு வாங்குங்கள். பங்குனி சித்திரை வெக்கையில் தகரக்கூரைக்குக் கீழே வாசித்தால் கம்பி சூடாகி சுருதி இறங்கும், அடிக்கடி பார்க்கவேண்டும். பழகின கோட் பிடிகள் பாதி வேலை செய்யாது. சேர்ச் கொயரில் வாசிக்கிறவர் என்றால் ஞாயிறு காலையில் இந்த விளையாட்டு வேண்டாம், சனி இரவே பழைய ரியூனிங்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள், திரும்ப ஏற்றின தந்தி அடங்கக் கொஞ்சநேரம் எடுக்கும்.